மரத்துண்டில் கட்டி வரும் அக்ரிகேட்டம் ஆர்க்கிட்: காசு கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

‘மழைக்காட்டு ஆர்க்கிட், மரத்துண்டோடு வரும், தினமும் தண்ணீர் தெளித்தால் போதும்.’ இணைய நர்சரிகள் பலவும் அக்ரிகேட்டத்தை இப்படித்தான் விற்கின்றன. செடி அருமையான செடி. மரத்துண்டில் கட்டித் தருவதும் நல்ல ஏற்பாடு. அந்த ‘தினமும்’தான் கெடுக்கிறது. அதை நம்பி வருஷம் முழுக்கத் தண்ணீர் காட்டியவர்கள் வீட்டில் செடி பச்சைப்பசேலென்று வளர்ந்துகொண்டே இருக்கும், ஒரு மொட்டும் வராது.

செடி எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். டென்ட்ரோபியம் லிண்ட்லேயி. தாவரவியலாளர் ராக்ஸ்பரோ வைத்து, அவர் இறந்த பிறகு 1832இல் வெளியான பெயர் டென்ட்ரோபியம் அக்ரிகேட்டம். அந்தப் பெயர் அதற்கு முன்பே வேறொரு செடிக்குப் போயிருந்ததால், 1840இல் லிண்ட்லேயி என்று மாற்றினார்கள். நர்சரிக்காரர்களும் வளர்ப்பவர்களும் இன்றுவரை அக்ரிகேட்டம் என்றே சொல்கிறார்கள். தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள். ஒரே செடி இரண்டு விலையில் கிடைக்கும்.

வடகிழக்கு இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், தென்சீனம் ஆகிய பகுதிகளின் காடுகளில் மரத்தண்டைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. விரல் நீளம்கூட இல்லாத, நாலு பட்டை விழுந்த தடித்த பல்புகள் (நீரையும் உணவையும் சேர்த்து வைக்கும் பருத்த தண்டுகள்). ஒவ்வொன்றின் தலையிலும் தோல் போன்ற ஒற்றை இலை. பல்புகள் நெருக்கியடித்துக்கொண்டு மரப்பட்டையோடு ஒட்டிப் படரும். கோடை தொடங்கும்போது பல்பின் பக்கவாட்டில் இருந்து காம்பு இறங்கி, பொன்மஞ்சள் பூக்கள் பத்துப் பதினைந்து சரமாகத் தொங்கும். உதடு அகலமாக, மெல்லிய பூனைமயிரோடு, தொண்டையில் ஆரஞ்சுத் தீற்றலோடு இருக்கும். வெயில் ஏற ஏறத் தேன் வாசம். ஒரு வாரம் நிற்கும். நம் ஊர்ச் சமவெளி வெப்பத்தில் அதற்கும் குறைவு. வருஷத்துக்கு ஒரு வாரப் பூவுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள், கடையில் மாதக்கணக்கில் பூத்து நிற்கும் பலனாப்சிஸ் கலப்பினத்தை வாங்கிக்கொள்ளலாம். தப்பே இல்லை.

இது வளரும் காடுகளில் மே மாதம் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை கிட்டத்தட்ட இல்லை. இரவில் குளிர், விடியலில் பனித்துளி, பகலில் இலை உதிர்ந்த கிளைகளுக்கு நடுவே நல்ல வெளிச்சம். அந்த வறண்ட காலத்தில்தான் பல்பு முற்றிப் பூவுக்குத் தயாராகிறது. மழைக்காலம் மட்டும் காட்டின் முழுக் கணக்கு அல்ல என்பது விற்பனைப் பக்கத்தில் எங்கும் இருக்காது.

தமிழ்நாட்டில் சிக்கல் இரட்டிப்பு. செடி காய வேண்டிய அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் இங்கே வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில் விழுகிறது. மாடித் தோட்டத்தில் திறந்தவெளியில் தொங்கும் அக்ரிகேட்டம் டிசம்பர் வரை நனைந்துகொண்டே இருந்தால், அது புது முளை விட்டுக்கொண்டிருக்கும், பூவை மறந்துவிடும். மரத்துண்டில் கட்டிய செடியின் பெரிய நன்மை இதனால்தான். தோட்டத்து மாமரத்தில் கட்டியதை மழைக்காக இடம் மாற்ற முடியாது. துண்டில் இருப்பதை அக்டோபர் நடுவில் ஆணியிலிருந்து கழற்றி, வெளிச்சம் வரும் கூரைக்குக் கீழே மாட்டிவிடலாம்.

இனி பெட்டிக்குள் என்ன வருகிறது என்று பார்ப்போம்.

மூன்று வடிவில் விற்கிறார்கள். முதலாவது, வேரோடு பிரித்த வெறும் செடி: நான்கு முதல் எட்டு பல்பு, செய்தித்தாளில் சுற்றி வரும். இரண்டாவது, மரத்துண்டில் கட்டியது. கூடவே ஒரு பொட்டலம் பாசி, ‘ஆர்க்கிட் பூஸ்டர்’ என்று ஒரு குட்டி பாட்டில். மூன்றாவது, ஆய்வகக் குடுவையிலிருந்து எடுத்த நாற்றுகள், ஒரே சின்னத் தொட்டியில் கூட்டமாக.

வெறும் செடிக்கு 5க்கு 2 மதிப்பெண். விலை மலிவாக இருக்கும், அந்த மலிவுக்குக் காரணமும் இருக்கும். காட்டு மரத்திலிருந்து சுரண்டியெடுத்த கொத்தைப் பிய்த்துப் பங்கு போட்டு அனுப்புகிறார்கள். அடையாளம் காண்பது கடினமில்லை. வேர்கள் எல்லாம் ஒரே நீளத்தில் அறுந்து, அடியில் பழைய மரப்பட்டைச் செதில் ஒட்டியிருக்கும். இலைகளில் பூச்சி கடித்த ஓட்டை, மரப்பாசித் திட்டு, செதில் பூச்சி. பல்புகளின் அளவையும் பாருங்கள். நாற்றிலிருந்து வளர்ந்த இளஞ்செடியில் மிகப் பழைய பல்பு கடுகளவில் தொடங்கி, அடுத்தடுத்து பெரிதாகிக்கொண்டே வரும். பிய்த்த கொத்தில் பின்பக்கப் பல்பும் முன்பக்கப் பல்பும் ஒரே பருமன். நர்சரியிலேயே வளர்ந்த தாய்ச்செடியைப் பிரித்தாலும் இப்படித்தான் இருக்கும் என்பதால் இந்த ஒன்றை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்; மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பாருங்கள்.

காட்டுக் கொத்து சட்டத்துக்கும் ஒவ்வாது, பிழைப்பதும் அரிது. காட்டில் அனுமதியின்றிச் செடி எடுப்பது வனச்சட்டப்படி குற்றம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், ஆர்க்கிட் குடும்பத்தில் பெரும்பாலானவை இரண்டாம் இணைப்பிலும் சில முதல் இணைப்பிலும் இருக்கின்றன. நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டாம் இணைப்பில் உள்ளவற்றில், ஆய்வகக் குடுவையில் கிருமியில்லாமல் வளரும் நாற்றுக்கு அதில் விலக்கு உண்டு. ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் சுற்றுலா போய் மரத்தில் இருப்பதைப் பிடுங்கிப் பையில் போடுபவர்களுக்கும் அதே வனச்சட்டம்தான்.

பிழைக்காததற்குக் காரணம் வேர். ஆர்க்கிட் வேரைச் சுற்றிலும் பஞ்சு போன்ற வெள்ளை உறை ஒன்று உண்டு. நீரை உறிஞ்சிப் பிடித்து வைப்பது அதுதான். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. மரத்திலிருந்து பிய்க்கும்போது இந்த உறை கிழிந்துவிடும். ஒடிந்த பழைய வேர் பெரும்பாலும் மீண்டும் நீளாது. செடி பல்பில் சேர்த்து வைத்ததைத் தின்றுகொண்டு புது வேருக்காகக் காத்திருக்கும். இந்த இனத்துக்குத் தன்னைத் தொந்தரவு செய்வதே பிடிக்காது. சின்னத் துண்டாக வந்தது பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு வருஷம் எடுத்தாலும் வியப்பில்லை. விளம்பரப் படத்தில் சரஞ்சரமாகத் தொங்குகிறதே, அது பல வருஷம் கலைக்காமல் விட்ட பெரிய கொத்து.

மரத்துண்டு செட்டுக்கு 5க்கு மூன்றரை. அரை மதிப்பெண்ணைப் பூஸ்டர் பாட்டிலுக்காகக் குறைத்தோம். உள்ளே என்ன சத்து எவ்வளவு என்று எழுதாத எதையும் வேரில் ஊற்றக் கூடாது, குப்பையில் போடுங்கள். மீதி ஒரு மதிப்பெண் போனது கட்டும் விதத்தால். பல விற்பனையாளர்கள் கட்டும் முறையில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, செடிக்கும் மரத்துக்கும் நடுவே ஈரப்பாசியை மெத்தை போல அடைப்பது. கூரியர் பெட்டிக்குள் மூன்று நாள் அது புழுங்கினால் பல்பின் அடி பழுப்பாகிக் கொழகொழக்கும். அக்ரிகேட்டத்துக்குப் பாசி தேவையே இல்லை. இரண்டு, செம்புக் கம்பியால் கட்டுவது. பார்க்க அழகு. ஆனால் செம்பு கரைந்து வேர்நுனியைக் கருக்கிவிடும். மூன்று, எந்த மரமென்றே தெரியாத துண்டு. கொய்யா, தைலமரம் போல பட்டை உரியும் மரமாக இருந்தால், வேர் பிடித்த பட்டையோடு செடியும் ஒருநாள் கழன்று வரும். பலா, மா, சப்போட்டா ஆகியவற்றின் நன்கு உலர்ந்த, சொரசொரப்பான கிளைத்துண்டு நல்லது. தேங்காய் மட்டையில் கட்டித் தருவதும் உண்டு. மலிவு, ஈரம் நிற்கும். ஆனால் உப்பும் துவர்ப்பும் உள்ளே இருக்கும், கொஞ்ச காலத்தில் மக்கியும் போகும். மறுபடி பிய்த்துக் கட்ட வேண்டிய இடத்தில் இந்தச் செடியை வைப்பது சரியல்ல.

இந்தக் குறைகளோடு வந்தால் திரும்பக் கட்டிவிடுவதே நல்லது. புது வேர் கிளம்பும் முன் செய்ய வேண்டும். பழைய கட்டை அவிழ்த்து, பாசியை விரலால் எடுத்துவிடுங்கள். வேரை வெறும் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் வளையும். தொட்டால் உறை மட்டும் கழன்று நடுவில் நூல் போல நிற்பது செத்த வேர். கத்தரியைத் தீயில் காட்டி வெட்டிவிடுங்கள். கெட்டியாக இருப்பதைத் தொட வேண்டாம். அடிப்பகுதியில் அழுகல் இருந்தால் கார்பன்டசிம், மேன்கோசெப் கலந்த பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துப் பத்து நிமிடம் நனைத்து (கையுறை போட்டுக்கொள்ளுங்கள்), நிழலில் ஒருநாள் காயவிடுங்கள்.

மரத்துண்டு இரண்டு கையகல நீளம் இருக்கட்டும். செடி படர இடம் வேண்டும். எந்தப் பக்கம் புது முளை வருகிறதோ அந்தப் பக்கம் காலி இடம் அதிகம் விட்டு, செடியின் அடி நேராக மரத்தில் படும்படி வைக்கவும். தூண்டில் நரம்பை எடுத்து, பல்புக்கும் பல்புக்கும் நடுவே படுத்திருக்கும் தண்டின் மேல் நாலைந்து சுற்று சுற்றி, பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள். முளைக்கண் மேல் நரம்பு ஏறக் கூடாது. கட்டி முடித்ததும் துண்டைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். செடி துளி ஆடினாலும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். புது வேரின் பச்சை நுனி மரத்தைத் தொட்டுப் பிடிக்கப் போகும் நேரத்தில் செடி அசைந்தால் நுனி தேய்ந்து நின்றுவிடும். கட்டிய செடி சாவதற்கு இந்த ஆட்டமும் ஒரு காரணம். சூடான பசையால் ஒட்டுவது, ஸ்டேப்ளர் அடிப்பது இரண்டுமே வேண்டாம். வேர் நன்றாகப் பிடித்த பிறகு நரம்பை வெட்டி எடுத்துவிடலாம்.

நாற்றுக் கூட்டத்துக்கு 5க்கு 4. பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. உள்ளே சேமித்த உணவு கிடையாது. காட்டில் குறிப்பிட்ட பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டிய பிறகுதான் ஆய்வக நாற்று என்பதே பரவலாகச் சாத்தியமாயிற்று. இப்படி வந்த நாற்று பூக்க நான்கைந்து வருஷம் ஆகும். ஆனால் முதல் நாளிலிருந்தே உங்கள் வீட்டுக் காற்றுக்கும் தண்ணீருக்கும் பழகி வளரும், காட்டுப் பூச்சி எதுவும் கூட வராது. சாகுபடிக்கு ஆதாரமான தகவல் தேடுபவர்கள், சிக்கிமின் பாக்யோங்கில் 1996 முதல் இயங்கும் தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையத்தின் வெளியீடுகளைப் பார்க்கலாம்.

வாங்கும்போது இன்னொரு குழப்பம்: ஜென்கின்சி. இதுவும் டென்ட்ரோபியம்தான், அஸ்ஸாம் பக்கத்துச் செடி, லிண்ட்லேயியின் குட்டித் தங்கை போல இருக்கும். பல்பு, இலை இரண்டும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. காம்பில் ஒன்று முதல் மூன்று பூ. சரமாகத் தொங்குவதை எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். இடம் குறைவாக உள்ள பால்கனிக்காரருக்கு அதுவே பொருத்தம். பூ இல்லாத லிண்ட்லேயி நாற்றும் முதிர்ந்த ஜென்கின்சியும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ‘இதே செடி பூத்தபோது எடுத்த படம் இருக்கிறதா’ என்று கேளுங்கள். இணையத்தில் எடுத்த படத்தை அனுப்பினால் புரிந்துகொள்ளலாம்.

விலையைப் பல்பு எண்ணிக்கையால் அளக்காதீர்கள். எத்தனை புது முளை இருக்கிறது என்று கேளுங்கள். இலையில்லாத பத்துப் பழைய பல்பைவிட, இலையோடு ஐந்து பல்பும் இரண்டு முளையும் உள்ள செடிதான் மேல். இலையுள்ள பல்பு ஒரு முறை பூத்த பிறகும் அடுத்த வருஷங்களில் மறுபடி பூக்கக்கூடும். பூத்து முடிந்தது என்று வெட்டிவிட வேண்டாம்.

வளர்ப்பைப் பொறுத்தவரை வெளிச்சம் ஒரு பாதி, தண்ணீர் ஒரு பாதி. வெளிச்சத்துக்கு 50 சதவீதப் பச்சை நிழல்வலை போதும். இலை கரும்பச்சையாக மினுங்கினால் நிழல் அதிகம், பூ வராது. லேசாக மஞ்சள் பாய்ந்த பச்சைதான் சரியான நிறம். வெள்ளையாக வெளுத்துப் பிறகு கருகும் திட்டு வந்தால் வெயில் அடி. மாடியில் தளத்தின் சூடு ஏறி அடிக்கும், அதனால் இடுப்புக்கு மேல் உயரத்தில் தொங்கவிடுங்கள். காற்றோட்டம் இல்லாத மூலை வேண்டாம்.

மார்ச் முதல் செப்டம்பர் வரை காலையில் துண்டோடு வாளித் தண்ணீரில் முக்கி, வேர் பச்சையாகும் வரை வைத்து எடுக்கவும். சும்மா மேலே புஸ் புஸ்ஸென்று தெளித்தால் வெள்ளி உறை நனையாது. ஏப்ரல், மே வெயிலில் மாலை நாலு மணி வாக்கில் இன்னொரு முறை. இரவுக்குள் காய்ந்துவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரிய வில்லன். டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 200க்குக் கீழ் இருந்தால் நிம்மதி. 500 தாண்டினால் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ கலந்துதான் ஆக வேண்டும். உப்பு சேர்ந்தால் முதலில் வேர்நுனி கருகும், பிறகு இலைநுனி.

புது முளை வளரும் மே முதல் ஆகஸ்ட் வரை வாரம் ஒருமுறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில்) கரையும் உரம், லிட்டருக்கு அரை கிராம். பாக்கெட்டில் எழுதியிருப்பதில் பாதியோ அதற்கும் குறைவோதான் வரும். மாதம் ஒருமுறை உரமில்லாமல் நன்றாக அலசிவிடுங்கள். ஆகஸ்ட் முடிந்ததும் உரத்தை முழுக்க நிறுத்துங்கள்.

அக்டோபர் நடுவிலிருந்து ஓய்வு. மழை படாத, ஆனால் காலை வெயில் விழும் இடம்: கிழக்குப் பார்த்த பால்கனி, ஒளி புகும் ஷீட் போட்ட கூரை. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் நவம்பர் காற்றிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீரே காட்ட வேண்டியதில்லை. மதுரை, திருச்சி, சேலம் பக்கம் ஜனவரியில் காற்று காய்ந்துவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை விடியலில் லேசாகத் தெளித்தால் போதும். பல்பில் பட்டை ஆழமாக விழுந்து சுருங்குவதைப் பார்த்து நெஞ்சு படபடக்கும். விடுங்கள், அது சரிதான். இலையே துவண்டு மடங்கினால் மட்டும் ஒரு முக்கு.

பிப்ரவரி, மார்ச்சில் பல்பின் பக்கத்தில் பச்சை முனை தெரியும். உடனே வாளியைத் தூக்க வேண்டாம். காம்பு ஒரு அங்குலம் இறங்கி மொட்டுகள் தனித்தனியாகத் தெரிந்த பிறகுதான் பழைய நீர்ப்பழக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஊரைப் பொறுத்துப் பலனும் மாறும். ஏற்காடு, வால்பாறை, கொடைக்கானலின் கீழ்மலை போன்ற நடுமலை ஊர்களில் இரவுக் குளிர் இருப்பதால் நன்றாகப் பூக்க வாய்ப்பு அதிகம். கோவை, பொள்ளாச்சி அடுத்தபடி. சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அங்கே வறட்சியை மட்டும் நம்பித்தான் பூ வாங்க வேண்டும், எல்லா வருஷமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லாத வேலூர், திருச்சிக்காரர்களுக்கு மரத்துண்டு வேகமாகக் காயும். அவர்கள் பக்கவாட்டில் ஓட்டை போட்ட ஆழமில்லாத மண்சட்டியில் கட்டைவிரல் பருமன் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்டு அதன்மேல் கட்டி வைக்கலாம். தென்னைநார்த் தூள் ஒரு பிடிகூட வேண்டாம்.

பூச்சிகளில் செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் பல்பைச் சுற்றியுள்ள காய்ந்த காகித உறைக்குள் ஒளியும். செடி வந்த அன்றே பழைய பல்புகளின் உறையை உரித்துப் பாருங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பிறகு வாரம் ஒருமுறை மூன்று வாரம் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, இரண்டு சொட்டு சோப்பு சேர்த்து மாலையில் அடிக்கவும். எறும்பு ஏறினால் இவற்றில் ஒன்று இருக்கலாம். பச்சை வேர்நுனி ராத்திரியில் காணாமல் போனால் நத்தையைத் தேடுங்கள்.

ஆர்டர் போட ஏற்ற காலம் ஜூன், ஜூலை. புது வேர் கிளம்பும் நேரம், வந்த வேகத்தில் பிடிக்கும். ஏப்ரல், மேயில் கூரியர் வண்டிக்குள்ளேயே வெந்துவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை வந்தால் வேர் விடாது, மழை வேறு. ‘செடியை உலர்த்தி, காய்ந்த தாளில் சுற்றி அனுப்புங்கள்’ என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். ஈரத்தாளில் வருவதைவிடச் சுருங்கி வருவது எவ்வளவோ மேல். செத்து வந்தால் மாற்றித் தருவோம் என்பவர்கள் பெரும்பாலும் பெட்டி திறக்கும் வீடியோ கேட்பார்கள். ஒட்டுத்தாளை வெட்டுவதில் தொடங்கி, துண்டைத் திருப்பிப் பல்பின் அடிப்பகுதியையும் கட்டிய கம்பியையும் காட்டி, ஒவ்வொரு முளையையும் கிட்டத்தில் வைத்து, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். மேலோட்டமாக இலையை மட்டும் எடுத்தால் பயனில்லை. அடி அழுகிய செடியின் இலை முதல் வாரம் முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கும்.